நிணநீரின் ஓட்டமும் சுரங்கத் தொழிலாளியின் மூச்சும்

மனித உடலில் இரத்தம் ஓடுவதை அறியாதவர் இலர். ஆயின் அவ்விரத்தத்தினின்று கசிந்து, திசுக்களின் இடுக்குகளில் பரவி, பின்னர் வேறொரு பாதை வழியே மீண்டும் இரத்தத்தையே சென்றடையும் நிணநீரைப் பற்றி நம்மில் பலர் அதிகம் சிந்திப்பதில்லை. வெட்டுக்காயத்தில் இரத்தம் நின்ற பின் ஊறி வரும் வெளிறிய நீரையும், காலில் புண் உண்டானால் தொடை இடுக்கில் கட்டும் நெறியையும் எல்லோரும் கண்டிருக்கிறோம். முன்னது திசுநீர், அது குழாய்க்குள் புகுந்ததும் நிணநீர் எனப்படும். பின்னது, அந்நீரை வடிகட்டும் கணு புண்ணின் கிருமிகளை எதிர்த்து வீங்கியிருப்பதன் அடையாளம்.

சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை கூறிவிட்டு மேலே செல்லலாம். நிணம் என்பது பழந்தமிழில் கொழுப்பைக் குறிக்கும். 1622-ஆம் ஆண்டில் மிலான் நகரத்து மருத்துவர் காஸ்பரே அசெல்லி என்பார், சற்று முன்பு உணவுண்ட நாயொன்றின் வயிற்றை அறுத்துப் பார்த்தபோது, குடலைச் சுற்றிப் பால் நிறமான நுண்குழாய்கள் பரந்திருக்கக் கண்டார். உணவின் கொழுப்பு குடலிலிருந்து இரத்தக் குழாய்களில் நேரே புகாமல் நிணநீர்க் குழாய்களின் வழியே செல்வதே அவ்வெண்மைக்குக் காரணம். எனவே நிணநீர் என்னும் தமிழ்ப் பெயர் பொருட்பொருத்தமுடையதே. 1651-இல் பிரெஞ்சு நாட்டு ழான் பெக்கே, அப்பால் நிறக் குழாய்கள் முதுகெலும்பின் முன்னுள்ள ஒரு பையிற் கூடி, அங்கிருந்து ஒரே நாளமாக மார்பின் வழியே மேலேறுவதை விளக்கினார். அந்நாளமே மார்பு நிணநீர் நாளம் எனப்படுவது.

முதிர்ந்த ஒருவருடைய உடலில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 முதல் 4 லிட்டர் நிணநீர் இவ்வாறு இரத்தத்திற் சேர்கிறது. தந்துகிகளிற் கசிந்த நீரில் பத்தில் ஒன்பது பங்கு அங்கேயே மீண்டும் உறிஞ்சப்படுகிறது என்றும், எஞ்சிய சிறு பங்கே நிணநீராகிறது என்றும் பாடநூல்கள் நெடுங்காலம் கூறி வந்தன. இக்கருத்து அண்மைக் காலத்தில் திருத்தப்பட்டுள்ளது. பெரும்பாலான திசுக்களில் தந்துகிகளுக்குள் நிலையான மீள் உறிஞ்சல் இல்லை என்றும், கசிந்த நீர் திரும்புவதற்கு நிணநீர்ப் பாதையே முதன்மையானது என்றும் இப்போது கருதப்படுகிறது. ஆசிரியர்கள் பழைய படத்தை வகுப்பிற் பயன்படுத்தும்போது இதனை நினைவிற் கொள்ளுதல் நலம். கசிந்த நீருடன் வெளிப்படும் புரதம் இரத்தத்திற்குத் திரும்பவும் இதுவே வழி.

இதயமின்றி ஓடும் திரவம்

இரத்தத்தைத் தள்ள இதயம் இருக்கிறது. நிணநீருக்கு அத்தகைய உறுப்பு மனிதனிடம் இல்லை. தவளைக்கு உண்டு. தோலின் அடியில் துடிக்கும் சிறு நிணநீர் இதயங்களை அது பெற்றிருக்கிறது. அங்ஙனமாயின் பாதத்தின் நிணநீர் கழுத்தின் அடிவரை எதிரேறி வருவது எவ்வாறு?

நிணநீர்க் குழாயை ஒரு வெறும் வடிகாலாக எண்ணுதல் தவறு. அதன் உட்புறத்தில் சிறு சிறு இடைவெளிகளில் ஒருவழித் தடுக்கிதழ்கள் உள்ளன. இரண்டு தடுக்கிதழ்களுக்கு இடைப்பட்ட துண்டின் சுவரில் தசை உள்ளது. அத்துண்டு நிரம்பி விரிந்தவுடன் தானே சுருங்குகிறது. உள்ளிருக்கும் நீர் அடுத்த துண்டுக்குச் செல்கிறது. போலந்து நாட்டு அறுவை மருத்துவர் வால்டெமர் ஓல்ஷெவ்ஸ்கியும் அவருடன் உழைத்த எங்கெசெட்டும் மனிதரின் காலிலுள்ள நிணநீர்க் குழாய்களில் அழுத்தத்தை நேரடியாக அளந்து, 1980-இல் வெளியிட்ட ஆய்வில் இதனைத் தெளிவுபடுத்தினர். அசையாது படுத்திருப்பவரின் காலிலும் குழாய்கள் தாமாகவே சுருங்கி நிணநீரை மேலே தள்ளுகின்றன. ஆகவே, உடலை அசைத்தாலொழிய நிணநீர் ஓடவே ஓடாது எனச் சிலர் கூறுவது மிகைக் கூற்று.

எனினும் அசைவின் பயன் சிறிதன்று. முதலாவதாக, நிணநீர்ப் பாதையின் தொடக்கத்திலுள்ள நுண்குழாய்களுக்குச் சுவரில் தசை இல்லை. அவற்றின் செல்கள் ஓடுகள் போல ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்திருக்க, சுற்றியுள்ள நார்கள் அவற்றைத் திசுவுடன் பிணைத்திருக்கின்றன. திசு இழுபடும்போது ஓடுகளின் இடைவெளி திறந்து நீர் உட்புகும்; அழுத்தும்போது இடைவெளி மூடிக்கொள்ளும். நடத்தல், குந்தி எழுதல், கணுக்காலை மடக்கி நீட்டல் ஆகிய எல்லாமே இவ்விழுப்பையும் அழுத்தத்தையும் மாறி மாறி உண்டாக்குகின்றன. இரண்டாவதாக, தசை சுருங்கும்போது அருகிலுள்ள பெரிய குழாய்கள் பிழியப்படுகின்றன. தடுக்கிதழ்கள் இருப்பதால் நீர் இதயத்தை நோக்கியே செல்ல முடியும். உழைக்கும் தசையினின்று நிணநீர் வடியும் வேகம், ஓய்வு நிலையைக் காட்டிலும் பன்மடங்கு உயர்கிறது.

இதனைப் பள்ளியில் காட்டுவது எளிது. மண்ணெண்ணெய்ப் பீப்பாயிலிருந்து எண்ணெய் இறைக்கப் பயன்படும், நடுவில் குமிழுள்ள கைப்பம்பை நீர் வாளியில் இட்டு அமுக்கினால் போதும். குமிழ் தசையால் அழுத்தப்படும் குழாய்த்துண்டு. இருபுறமும் உள்ள அடைப்புகள் தடுக்கிதழ்கள். ஓர் அடைப்பை நீக்கிவிட்டு அமுக்கிக் காட்டினால், யானைக்கால் நோயில் நிகழ்வது யாது என்பதை மாணவர் தாமே கூறிவிடுவர். நெடுநேரம் பேருந்தில் அமர்ந்து வந்தவரின் கணுக்கால் வீங்குவதையும் எடுத்துக்காட்டலாம். ஆனால் அவ்வீக்கம் நடந்ததும் வடிவதில் நிணநீருக்கு மட்டுமன்றிச் சிரைகளுக்கும் பெரும்பங்கு உண்டு. கெண்டைக்கால் தசை சிரைகளைப் பிழிந்து அவற்றின் அழுத்தத்தைக் குறைப்பதால், புதிதாகக் கசியும் நீரின் அளவே குறைந்துவிடுகிறது.

இனி மூச்சு. மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் அமைதியான சுவாசத்தில் 1 அல்லது 2 சென்டிமீட்டர் இறங்குகிறது. ஆழ்ந்து இழுக்கும்போது 7 முதல் 10 சென்டிமீட்டர் வரையிலும் இறங்கக்கூடும். அது இறங்குகையில் வயிற்றின் அழுத்தம் கூடுகிறது, மார்பின் அழுத்தம் குறைகிறது. பெக்கே கண்ட பை வயிற்றுப் பகுதியில் உள்ளது. அதினின்று புறப்படும் நாளமோ மார்புக்குள் செல்கிறது. கீழே பிழிவும் மேலே இழுப்பும் ஒரே கணத்தில் நிகழ்வதால் நிணநீர் மேலேறுகிறது. மூச்சை விடும்போது அது பின்வாங்காதபடி தடுக்கிதழ்கள் காக்கின்றன. இறுதியில் இடது கழுத்தடியில் இரு பெரிய சிரைகள் கூடும் இடத்தில் அது இரத்தத்தில் விழுகிறது. நுரையீரலின் சொந்த நிணநீரும், விரிந்து சுருங்கும் அதே இயக்கத்தால்தான் செலுத்தப்படுகிறது. இந்தக் கடைசிச் செய்தியே நம்மைக் கோலார் தங்க வயலுக்கு இட்டுச் செல்வது.

வெங்கச்சங்கல்லும் விழுங்கு செல்லும்

கோலார் தங்க வயலில் 1880 முதல் ஜான் டெய்லர் கம்பெனியார் நவீன முறையிற் சுரங்கம் வெட்டினர். 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. 1956-இல் மைசூர் அரசும், 1962-இல் மத்திய அரசும் சுரங்கங்களை ஏற்றன. 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் உருவாயிற்று. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. வட ஆற்காடு, சேலம், தருமபுரி, சித்தூர்ப் பகுதிகளிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளரே அங்கு இறங்கி உழைத்தோரில் பெரும்பகுதியினர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தை எட்டியது. அடித்தளங்களில் பாறையின் வெப்பம் 60 பாகை சென்டிகிரேடைத் தாண்டியது. அவ்வாழத்தைப் பயன்படுத்தி 1965-இல் வளிமண்டல நியூட்ரினோத் துகள்களை விஞ்ஞானிகள் அங்கு கண்டறிந்தனர் என்பது உலகறிந்த செய்தி. அதே சுரங்கங்களில் மற்றொரு துகளைப் பற்றிய ஆராய்ச்சியும் நடந்தது. அதை அறிந்தோர் அத்துணைப் பேர் அல்லர்.

அத்துகள் குவார்ட்ஸ், அதாவது நம் ஊர்களில் வெங்கச்சங்கல் எனப்படும் கல்லின் தூள். கோலாரின் பொன் குவார்ட்ஸ் நரம்புகளுக்குள் கலந்திருந்தது. ஒரு டன் கல்லில் பொன் சில கிராம்களே. எஞ்சியது முழுவதும் துளையிட்டு, வெடித்து, வாரி, அரைத்துத் தூளாக்க வேண்டிய கல். 1940 முதல் 1946 வரை அங்கு ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது, அவர்களுள் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் சிலிகோசிஸ் என்னும் நுரையீரல் நோய் காணப்பட்டது. 1947-இல் வெளியான அவ்வறிக்கை, இந்தியாவில் இந்நோயைப் பற்றிய முதல் பெரும் பதிவாகக் கருதப்படுகிறது.

இந்நோயை நுரையீரல் நோய் என்றே நாம் வகைப்படுத்துகிறோம். ஆயினும் அதன் தொடக்கமும் பரவலும் நிணநீர்ப் பாதையோடு பின்னிப் பிணைந்தவை.

பத்து மைக்ரானுக்கு மேற்பட்ட தூசியை மூக்கும் தொண்டையும் தடுத்துவிடும். அதற்குச் சிறியவை மூச்சுக் கிளைகளில் உள்ள சளிப்படலத்தில் ஒட்டி, மயிரிழைகளால் மேலே தள்ளப்பட்டு, இருமலுடன் வெளியேறும். ஐந்து மைக்ரானுக்கும் குறைந்தவையே கடைசிக் காற்று நுண்ணறைகளை எட்டுகின்றன. அவற்றைக் கண்ணாற் காணவியலாது. சுரங்கக் காற்று தெளிவாகத் தோன்றும்போதும் அவை மிதந்துகொண்டிருக்கலாம். காற்று நுண்ணறையிற் காவலிருக்கும் விழுங்கு செல்கள் அத்துகள்களைப் பற்றி விழுங்குகின்றன. அச்செல்களிற் பல சளிப்படலத்தை அடைந்து மேலேறிவிடும். வேறு சில நுரையீரலின் திசுவிற்குள் நுழைந்து, நிணநீருடன் சென்று, மூச்சுக் கிளைகள் பிரியுமிடத்திலுள்ள நிணநீர்க் கணுக்களில் தங்குகின்றன. நகரத்தில் வாழ்வோரின் கணுக்கள் புகைக்கரியால் கறுத்திருப்பது இதனால்தான். கரி அங்கே பெரும்பாலும் தீங்கின்றிக் கிடக்கும்.

குவார்ட்ஸ் அங்ஙனம் கிடப்பதில்லை. அதனை விழுங்கிய செல்லின் உள்ளுறைகளை அது சிதைக்கிறது, செல் இறக்கிறது, வெளிப்பட்ட துகளை மற்றொரு செல் விழுங்குகிறது, அதுவும் இறக்கிறது. ஒவ்வோர் இறப்பிலும் அழற்சியைத் தூண்டும் பொருள்கள் வெளிப்பட, நார்த்திசு வளர்கிறது. இது பல நேரங்களில் முதலில் நிகழ்வது நுரையீரலில் அன்று, நிணநீர்க் கணுக்களில். கணு தழும்பேறிக் கெட்டியாகிவிட்டால் வடிகால் அடைபட்ட கழனியின் நிலையே நுரையீரலுக்கும் நேர்கிறது. புதிதாக வரும் தூசிக்கு வெளியேறும் வழி குறைகிறது. நிணநீர்க் குழாய்களின் ஓரங்களில் அது தேங்கி, முடிச்சு முடிச்சாக நார்க் கட்டிகள் தோன்றுகின்றன. சிலருடைய எக்ஸ்ரே படத்தில் கணுக்களின் விளிம்பில் சுண்ணாம்பு படிந்து முட்டையோடு போன்ற வளையம் தெரிவதுண்டு.

ஓய்வாக இருப்பவர் நிமிடத்திற்கு ஏறத்தாழ 6 லிட்டர் காற்றை உள்ளிழுக்கிறார். பாறையில் துளையிடுபவரும், உடைந்த கல்லை வாரித் தள்ளுவண்டியில் ஏற்றுபவரும் 40 லிட்டருக்குக் குறையாமல் இழுக்க நேரிடும். வெப்பமும் களைப்பும் மிகும்போது மூக்கை விடுத்து வாயால் மூச்சு வாங்குவர். மூக்கின் வடிகட்டல் அத்துடன் போயிற்று. மேலே நாம் நற்செயலாகக் கூறிய உடலுழைப்பும் ஆழ்ந்த மூச்சும், தூசி நிறைந்த இடத்தில் தூசியை ஆழத்திற்கு இழுக்கும் கருவிகளாகிவிடுகின்றன. எனவே மூச்சைப் பற்றிப் பேசுமுன் காற்றைப் பற்றிப் பேச வேண்டும். துளையிடும் கருவியின் வழியே நீர் பாய்ச்சித் தூசியை எழும்போதே நனைத்தல், வெடித்த பின் காற்று தெளியும் வரை ஆட்களை அனுப்பாதிருத்தல், காற்றோட்டம் ஆகியவை சுரங்கத் தொழில் கண்ட மருந்துகள். ஆழத்தில் ஒரு சங்கடமும் உண்டு. தூசியை அடக்கும் நீர் ஆவியாகி ஈரத்தை மிகுவிக்க, வியர்வை உலராமல் வெப்பத்தின் கொடுமை கூடுகிறது. கோலாரில் காற்றைக் குளிர்வித்து உள்ளே செலுத்தும் இயந்திரங்கள் நிறுவப்பட்டதற்கு வெப்பமும் ஈரமும் சேர்ந்த இந்நிலையே காரணம்.

மூச்சுப் பயிற்சி எதைச் செய்யும், எதைச் செய்யாது

ஓய்வு பெற்ற தொழிலாளர் வாழும் பகுதிகளில் களப்பணியாளரிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. ஆழ்ந்து மூச்சு விடும் பயிற்சியால் நுரையீரலில் படிந்த கல்தூளை வெளியேற்ற முடியுமா? இதற்கு விடை, முடியாது என்பதே. நாரால் சூழப்பட்ட துகளை எந்த மூச்சும் பெயர்க்காது. அடைபட்ட கணுவை எந்த அசைவும் திறக்காது. நிணநீரைத் தூண்டி உடலின் நஞ்சையெல்லாம் நீக்குவதாக விற்கப்படும் எண்ணெய்களையும் கருவிகளையும் பற்றியும் இதையே கூற வேண்டும். நிணநீர் கழிவுநீரன்று; அது இரத்தத்திற்கே திரும்பிச் செல்லும் நீர்.

ஆனால் பயிற்சி வீண் என்று கூறிவிடுதலும் சரியன்று. உதடுகளைக் குவித்து மெல்ல மூச்சை விடுதல், உதரவிதானத்தால் மூச்சிழுத்தல், தினமும் இயன்ற அளவு நடந்து தொடைத் தசைகளின் வலிமையைக் காத்தல் ஆகியவற்றால் மூச்சுத் திணறல் தணிந்து, நடக்கும் தூரம் கூடுவதை நுரையீரல் மறுவாழ்வுச் சிகிச்சை காட்டியுள்ளது. நோய் மாறுவதில்லை, நோயுடன் வாழும் நாள் இலகுவாகிறது. பலமாக ஊதித் தள்ளும் பயிற்சிகளையும் மூச்சை நெடுநேரம் அடக்குவதையும் மட்டும் மருத்துவரைக் கேளாமல் செய்யலாகாது. நோய் முற்றிய நுரையீரலின் உறை கிழிந்து காற்று கசியும் ஆபத்து இவர்களுக்கு உண்டு. புகைபிடித்தலை நிறுத்துவது எந்தப் பயிற்சியினும் மேலானது என்பதையும் தயங்காமற் சொல்ல வேண்டும்.

அசைவும் மூச்சும் நிணநீர் நோய்க்கே நேரடியாக உதவும் இடம் யானைக்கால். உச்செரீரியா என்னும் புழு நிணநீர்க் குழாய்க்குள் வாழ்ந்து அதனை விரியச் செய்வதால் தடுக்கிதழ்கள் பொருந்தாமற் போகின்றன. குழாயின் தன்னியக்கச் சுருக்கம் தளர்ந்துவிட்ட அந்நிலையில், தசையின் பிழிவே அதற்கு எஞ்சிய துணை. ஆகவே காலைத் தினமும் சோப்பிட்டுக் கழுவி விரலிடுக்கு வரை ஈரம் ஒற்றி உலர்த்துதல், சிறு புண்ணையும் கவனித்தல், உட்காரும்போதும் உறங்கும்போதும் காலை உயர்த்தி வைத்தல், குதிகாலை உயர்த்தித் தாழ்த்துதல், கணுக்காலைச் சுழற்றுதல், இடையிடையே ஆழ்ந்து மூச்சு விடுதல் ஆகியன கற்பிக்கப்படுகின்றன. இவற்றுள் கழுவுதலே தலையாயது. காய்ச்சலுடன் வரும் அழற்சித் தாக்குதலே வீக்கத்தை ஆண்டுக்காண்டு வளர்ப்பது. அத்தாக்குதல் நேரும் நாட்களில் பயிற்சி கூடாது. இருகால்களும் ஒருசேர வீங்கினால் இதயம், சிறுநீரகம், இரத்தசோகை ஆகியவற்றை முதலில் ஐயுறுக.

கல்லின் துகள் நிணநீரைக் கெடுக்கும் மற்றொரு நோயையும் இங்கே குறிப்பிடலாம். எத்தியோப்பிய மலைநாட்டில் எரிமலைச் செம்மண்ணில் வெறுங்காலுடன் உழைப்போருக்குப் புழுவும் கொசுவும் இன்றியே கால் பருக்கிறது. மண்ணின் நுண்துகள்கள் தோல் வழியே புகுந்து காலின் நிணநீர்ப் பாதையைக் கெடுப்பதே காரணம் என்பதை எர்னெஸ்ட் பிரைஸ் என்னும் மருத்துவர் ஆராய்ந்து கூறினார். அங்கு செருப்பு எதுவோ, சுரங்கத்தில் நீர்த்துளையீடு அது.

கோலார் சுரங்கங்கள் மூடப்பட்டதனால் இவ்விஷயம் முடிந்துவிடவில்லை. சிலிகோசிஸ் தூசியை விட்டு விலகிய பின்னும், பத்து இருபது ஆண்டுகள் கழித்தும் வெளிப்படக்கூடியது. இளவயதில் சுரங்கத்தில் இறங்கியோர் பலர் இப்போது அறுபது வயதைக் கடந்தவர்கள். அவர்களுள் தங்க வயலிலேயே இருப்போரும் உண்டு, வட ஆற்காட்டுக் கிராமங்களுக்குத் திரும்பியோரும் உண்டு. ஆலையில் அரைத்துப் பொன் பிரித்தெடுத்தபின் ஒதுக்கிய மண், சயனைடு மேடுகள் என்னும் பெயருடன் ஊரைச் சுற்றி 3 கோடி டன்னுக்கு மேல் குவிந்து கிடக்கிறது. கோடைக் காற்றில் அதன் தூசி வீடுகளுக்குள் வருவதை அவ்வூரார் அறிவர். காற்று வீசும் நாட்களில் பள்ளிக்கூடத்துத் தரையைப் பெருக்குவதற்கு முன் நீர் தெளிப்பதும், அம்மேடுகளில் பிள்ளைகள் விளையாடாதபடி பார்ப்பதும் ஆசிரியர்களால் இயலும். கல் உடைக்கும் ஆலைகள், குவார்ட்ஸ் அரைவை ஆலைகள், கற்சிற்பப் பட்டறைகள் முதலிய இடங்களில் அதே தூசி இன்றும் எழுகிறது. சுரங்கச் சட்டமும் தொழிற்சாலைச் சட்டமும் சிலிகோசிஸை அறிவிக்கப்பட வேண்டிய தொழில் நோயாகக் கொண்டிருந்தன. ராஜஸ்தான் மாநிலம் 2019-இல் இதற்கெனத் தனிக்கொள்கையே வகுத்தது.

களப்பணியாளர் கவனிக்க வேண்டியது வேறொன்று உண்டு. சிலிகாத் தூசியால் விழுங்கு செல்கள் வலுவிழப்பதால், காசநோய்க் கிருமி இவர்களை எளிதிற் பற்றுகிறது. இரண்டு வாரத்திற்கு மேற்பட்ட இருமல் உடைய பழைய சுரங்கத் தொழிலாளியைச் சளிப் பரிசோதனைக்கு அனுப்பத் தாமதிக்கலாகாது. இதன் மறுபக்கமும் அடிக்கடி நேர்கிறது. எக்ஸ்ரே படத்தில் நிழல் தெரிவதால், சளியில் கிருமி காணப்படாத நிலையிலும் மீண்டும் மீண்டும் காசநோய் மருந்து தரப்பட்டு, சிலிகோசிஸ் பெயரிடப்படாமலே இறந்துபோகிறவர்கள் உண்டு. பெயரிடப்படாத தொழில் நோய்க்கு நஷ்டஈடு கிடையாது. எனவே பதிவேட்டில் தொழில் என்னும் இடத்தில் கூலி என்றோ ஓய்வு பெற்றவர் என்றோ எழுதி விட்டுவிடாமல், எந்தச் சுரங்கம், மேலே வேலையா கீழே வேலையா, துளையிடும் இயந்திரமா கல் வாருதலா, எத்தனை ஆண்டுகள் என்று கேட்டு எழுத வேண்டும்.